வைக்கோலைக் கொளுத்துவதை ஒரு வாய்க்கால்தான் நிறுத்த முடியும்: வேளாண் துறை அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

காவிரி டெல்டா மாவட்டங்களில் பணிபுரியும் வேளாண்மை – உழவர் நலத்துறை அலுவலர்களுக்கு,

வணக்கம்.

நீடாமங்கலம் பக்கம் சாகுபடி செய்கிறேன். கொஞ்சம் சொந்த நிலம், மிச்சம் குத்தகை. தை கடைசியிலும் மாசியிலும் எங்கள் பக்கத்துச் சாலைகளில் போய்வருகிறவர்களுக்குத் தெரியும். அறுவடை முடிந்த வயல்களில் அங்கங்கே புகை எழும்பும். மறுநாள் பார்த்தால் அந்த இடத்தில் கறுப்புக் கோடுகள் மட்டும் கிடக்கும். பஞ்சாபோடு ஒப்பிட்டால் இது சின்ன அளவுதான். ஆனால் வைக்கோலைக் கொளுத்துவதையே பாவம் என்று நினைத்த ஊர்கள் இவை. அதனால்தான் எழுதுகிறேன்.

எரிக்காதீர்கள், மட்க வையுங்கள் என்று நீங்கள் விடாமல் சொல்லி வருகிறீர்கள். 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ வெல்லம் கரைத்து, கழிவை மட்க வைக்கும் சிதைப்பான் திரவம் பெருக்குவது எங்களுக்குத் தெரியும். ஒரு டன் கழிவுக்கு 2 கிலோ பயோமினரலைசர் நுண்ணுயிர்க் கலவை என்ற வேளாண் பல்கலைக்கழகக் கணக்கும் தெரியும். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதை ஒப்பிப்பார்கள். ஒப்பித்துவிட்டு, சாயங்காலம் போய்க் கொளுத்துவார்கள்.

அறிவு போதாமல் நடப்பதில்லை இது. பணம் ஒரு காரணம், ஆனால் முழுக் காரணமும் அதுவல்ல. வைக்கோலை என்ன செய்வது என்பதை எங்களில் யாரும் தனியாக முடிவு செய்வதே இல்லை. பக்கத்து வயல்காரர், அறுவடை மிஷின் ஓட்டுகிறவர், மிஷின் புரோக்கர், வாய்க்காலில் தண்ணீர் வரும் தேதி, ஊர் வாய், எல்லாம் சேர்ந்து எங்களுக்காக முடிவு செய்கின்றன. உங்கள் திட்டங்களோ ஒவ்வொரு விவசாயியையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுகின்றன. சிட்டா, அடங்கல், ஆதார் வாங்கிக்கொண்டு ஒரு பாட்டில் கொடுத்து அனுப்புகின்றன. இந்த இடத்தில்தான் பிசகுகிறது என்பது என் எண்ணம்.

முதலில் தீயைப் பற்றிச் சொல்கிறேன். ஒருவர் வயலில் வைக்கோல் காய்ந்து கிடக்கிறது. அவர் அதைக் கட்டிப் போர் போடலாம் என்று இருக்கிறார். பக்கத்து வயல்காரர் தன் வயலில் தீ வைக்கிறார். மதியத்துக்கு மேல் காற்று எடுத்துவிட்டால் அந்தத் தீ வரப்பைத் தாண்ட நேரமே ஆகாது. வரப்பில் காய்ந்து கிடக்கும் அருகம்புல்லைப் பிடித்துக்கொண்டே இந்தப் பக்கம் வந்துவிடும். கேட்டால் ‘தெரியாமல் வந்துடுச்சு, மாமா’ என்பார். சொந்தக்காரர், நாளைக்கு ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்ச வேண்டியவர், சண்டை போட முடியுமா? அடுத்த வருஷம் இவர் என்ன செய்வார்? அவர் கொளுத்தும் முன் தானே அள்ள வேண்டும். அள்ள ஆள் கிடைக்காவிட்டால் தானே கொளுத்திவிட வேண்டும். இப்படித்தான் ஒரு வயலில் தொடங்கியது ஒரு வெளி முழுக்கப் பரவுகிறது. யாருக்கும் யார் மேலும் கோபமில்லை, ஆனால் வைக்கோல் மட்டும் மிச்சமில்லை.

தண்ணீரிலும் இதே கதைதான். எங்கள் பக்கம் பல வயல்களுக்குத் தனி வாய்க்கால் கிடையாது. மேல் வயலில் பாய்ந்து நிரம்பிய தண்ணீர்தான் கீழ் வயலுக்கு இறங்கும். குறுவை நெல்லை அறுத்து, அடுத்த நடவான தாளடிக்கு வைக்கோலோடு சேர்த்துச் சேறடித்தால், மட்காத வைக்கோல் மிதந்து மடை வழியாகக் கீழ் வயலுக்குப் போய்ச் சேரும். அங்கே அவர் நட்டு வைத்த நாற்றின் மேல் போய்ப் படியும். கீழ் வயல்காரர் வாசலில் வந்து நின்று சத்தம் போடுவார், அவர் பக்கம் நியாயமும் இருக்கும். இந்தப் பேச்சுக்குப் பயந்து வைக்கோலைக் கொளுத்துகிறவர்களை எனக்குத் தெரியும். மட்க வைக்கும் திரவத்தை இலவசமாகக் கொடுத்தாலும் அந்தப் பயம் போகாது.

மூன்றாவதாகச் சொல்ல வருவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வைக்கோலை மடித்து உழுதால் முதலில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வைக்கோலில் கரிமச்சத்து அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். சில வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சில வாரம்தான் நட்ட பயிர் பச்சை பிடிக்க வேண்டிய வாரம். போதாததற்கு, மட்காத வைக்கோலின் மேல் தண்ணீரையும் கட்டிவிட்டால் அது மண்ணுக்குள் அழுக ஆரம்பிக்கும். வயலில் இறங்கிக் காலை வைத்தால் காலைச் சுற்றி குமிழ் குமிழாகக் கிளம்பும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஒரு குத்தைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் வெள்ளையாக இருக்காது, கறுத்திருக்கும். இருபதாம் நாள் அந்த வயல் வெளுத்து நிற்கும். வைக்கோலைக் கொளுத்திய பக்கத்து வயலோ கரும்பச்சையாக நிற்கும்.

அந்த இருபதாம் நாள் ஊரே அந்த வழியாகத்தான் போகும். வயல் பார்க்கிறவர், பால் ஊற்றப் போகிறவர், உரம் வாங்கப் போகிறவர் எல்லாரும் ஒரு நிமிடம் நின்று பார்ப்பார்கள். ‘ஆபீசர் பேச்சைக் கேட்டு வைக்கோலை மடிச்சான், பாரு, பயிர் எப்படி நிக்குதுன்னு’ என்ற ஒரு வரி போதும். அந்தப் பயிர் நாற்பதாம் நாள் தேறிவிடும், கடைசியில் மகசூலும் குறையாமல் வரலாம். மூன்றாம் வருஷம் மண் பொலபொலப்பாகி, உழவுக்கு டீசல் குறைவாகப் பிடிக்கலாம். அதையெல்லாம் யாரும் நின்று பார்ப்பதில்லை. கெட்டது தெரிய மூன்று வாரம் போதும், நல்லது தெரிய மூன்று வருஷம் ஆகும். ஊர் தீர்ப்புச் சொல்வது மூன்றாம் வாரத்தில்.

இதற்கான மருந்து உங்கள் பரிந்துரைப் புத்தகத்திலேயே இருக்கிறது. முந்தைய பயிரின் தாளை மடக்கி உழும் முதல் சேற்றுழவில் ஹெக்டேருக்கு 22 கிலோ யூரியா போடச் சொல்கிறது. ஏக்கருக்கு 9 கிலோவுக்குப் பக்கம் வரும். நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, தண்ணீர் கட்டாமல் ஈரத்தோடு மடக்கி உழுதுவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் ‘எரிக்காதீர்’ என்று பெரிய எழுத்தில் எழுதும் துண்டறிக்கையில் இந்த 9 கிலோ இருப்பதில்லை, இருந்தாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. இரண்டு மூன்று வாரம் முன்பே உழ வேண்டுமென்றால் வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும் நாளை எங்களால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்த ஒரு தகவலைப் நீர்வளத் துறைப் பொறியாளர்களிடமிருந்து வாங்கி ஊருக்கு முன்பே சொல்வது, நூறு பாட்டில் கொடுப்பதைவிடப் பெரிய உதவி.

சம்பாவுக்குப் பிறகு வேறொரு சிக்கல் இருக்கிறது. முன்பெல்லாம் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில், நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளிப்போம். கதிரை ஆள் வைத்து அறுத்தபோது முளைவிட்ட உளுந்துக்கு ஒன்றும் ஆகாது. இப்போது பெல்ட் வைத்த அறுவடை மிஷின் ஏறினால் முளை நசுங்குகிறது. தப்பிப் பிழைத்தது மிஷின் கொட்டிவிட்டுப் போகும் வைக்கோல் வரிசைக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. அந்த வரிசையைக் கையால் விலக்கிப் பாருங்கள். வெளியே உள்ள உளுந்து நாலு இலை விட்டிருக்கும். உள்ளே இருப்பது வெயில் படாமல் வெளிறி, நூல் மாதிரி நீண்டு, தொட்டால் ஒடியும். இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் அறுவடைக்கு அப்புறம் தெளிக்கலாம் என்று மாறிவிட்டார்கள். அப்படி மாறினால் மண்ணில் ஈரம் இருக்கும் மூன்று நாலு நாளுக்குள் வயல் காலியாக வேண்டும். வைக்கோலைக் கட்டு கட்டும் மிஷினுக்குச் சொல்லி வைத்தால் ‘இன்னிக்கு, நாளைக்கு’ என்று இழுக்கும். தீப்பெட்டி சட்டைப் பையிலேயே இருக்கிறது.

ஆக, உளுந்து போட வேண்டும் என்ற நல்ல ஆசையில் இருந்தும் தீ பிறக்கிறது. இதைச் செய்கிற விவசாயியைப் பொறுப்பில்லாதவர் என்று மேடையில் பேசுவதைக் கேட்கும்போது மனம் வலிக்கிறது.

ஊர் வாய் என்று மேலே சொன்னேன், அதையும் உடைத்துச் சொல்லிவிடுகிறேன். வயல் சுத்தமாகக் கிடப்பதுதான் நல்ல குடியானவனுக்கு அழகு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். சம்பா முடிந்த வயலில் வைக்கோலும் குப்பையும் அப்படியே கிடந்தால், அது மண்ணைப் போர்த்திக் காக்கும் மூடாக்கு என்று யாரும் பார்க்க மாட்டார்கள், சோம்பேறி வயல் என்பார்கள். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய் மூடாக்கைப் பற்றிப் பேசிய பிறகும், தஞ்சாவூர்க்காரரான அவர் பேச்சைக் கைதட்டிக் கேட்ட ஊர்களிலேயே இந்த எண்ணம் அவ்வளவாகக் கரையவில்லை. அதே ஊரில் ஒரு காலத்தில் வைக்கோல் போரின் உயரத்தைப் பார்த்துத்தான் பெண் கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதாவது, வைக்கோலைக் காப்பாற்றியதும் ஊர் மதிப்புதான், இன்று கொளுத்த வைப்பதும் ஊர் மதிப்புதான். இடையில் உழவு மாடு போய் டிராக்டர் வந்தது, போர் போடத் தெரிந்த கைகள் குறைந்துபோயின.

இன்னொன்று, இதைச் சொல்லப் பலர் தயங்குவார்கள். எருக்குழி வெட்டி, சாணமும் குப்பையும் சுமந்து, வயலில் கொட்டி விசிறிய வேலையை டெல்டாவில் பெரும்பாலும் செய்தவர்கள் தலித் தெருக்களிலிருந்து வந்த ஆண்களும் பெண்களும். அதற்குக் கிடைத்த கூலியும் மரியாதையும் என்னவென்று நாம் எல்லாரும் அறிவோம். அவர்கள் பிள்ளைகள் படித்து, திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனது நியாயம், சந்தோஷமும்கூட. அவர்கள் விட்டுப் போன வேலையை நிலம் வைத்திருப்பவர்கள் கையில் எடுக்கவில்லை. குப்பைக் கூடையைத் தலையில் தூக்கினால் கௌரவம் போய்விடும் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. ‘இயற்கை உரம் தயாரியுங்கள்’ என்று நீங்கள் சொல்லும்போது கேட்கிறவர் மனதில் ஓடுவது, அதை யார் அள்ளுவது என்ற கேள்விதான். அதே ஆள் டிராக்டர் டிரெய்லரில் எருவை ஏற்றிக்கொண்டு போனால் ஊரில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை என்பதையும் பார்க்கிறேன். மிஷினில் செய்தால் அது தொழில் ஆகிவிடுகிறது. அதனால் எரு ஏற்றும், இறைக்கும், வைக்கோலைத் துண்டாக்கும் இயந்திரங்களுக்குக் கொடுக்கும் முக்கியத்துவம் வெறும் வசதிக்காக மட்டுமல்ல. அந்த வேலையைச் சாதியிலிருந்து கழற்றுவதற்கும் அது உதவும். அந்த இயந்திரங்களை யார் பெயரில் கொடுக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். தலித் இளைஞர் குழு ஒன்று அதை வாடகைக்கு ஓட்டட்டும், பழைய வேலை புதிய வருமானமாக அவர்களிடமே போகட்டும்.

குத்தகைக்காரர்களின் நிலை வேறு. கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் இருப்பவர்களின் நிலம் என்று டெல்டாவில் குத்தகைச் சாகுபடி எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். குத்தகை உரிமைகளைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்தது. ஆனாலும் வாய்ப்பேச்சுக் குத்தகை இன்றும் நடக்கிறது. அடுத்த வருஷம் அந்த வயல் கையில் இருக்குமா என்று தெரியாதவர் மூன்று வருஷம் கழித்து மண் பொலபொலப்பாகும் என்பதற்காக வைக்கோலை எப்படி மடிப்பார்? மானியம் கேட்டுப் போனால் பட்டா கேட்கிறார்கள். நிலத்துக்காரரிடம் பட்டா நகல் கேட்டால், உரிமை கொண்டாட வருகிறானோ என்று அவர் பயப்படுகிறார், நிலத்தையே திருப்பி வாங்கிக்கொள்கிறார். கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்றே போதும் என்று இந்த ஒரு வேலைக்காவது நீங்கள் உத்தரவு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

அப்புறம், யார் சொன்னால் ஊர் கேட்கிறது? நீங்கள் பெரும்பாலும் முன்னோடி விவசாயி என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அவரிடம் போர்வெல் இருக்கிறது, பத்து இருபது ஏக்கர் இருக்கிறது, ஆள் இருக்கிறது, விருதும் இருக்கிறது. அவர் வயலில் விழா நடக்கிறது. நாங்கள் போகிறோம், சாப்பிடுகிறோம், ‘அவருக்கு முடியும், நமக்கு முடியுமா’ என்று சொல்லிக்கொண்டே திரும்புகிறோம். அவர் நல்லவர்தான், உண்மையாகவே உழைக்கிறவர்தான். ஆனால் எங்களுக்கு அவர் அளவுகோல் அல்ல. எங்களைப் போலவே கடனில் உரம் வாங்கி, எங்களைப் போலவே கடைசி ஆளாகத் தண்ணீர் பெறும் ஒருவர் செய்து காட்டினால் மட்டுமே நாங்கள் அசைவோம்.

இது நானாகச் சொல்வதில்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய மக்காச்சோள விதை எப்படிப் பரவியது என்று ரயன், கிராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் ஆராய்ந்து 1943-ல் எழுதியதை நீங்கள் விரிவாக்கப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த விதையைப் பற்றி விவசாயிகள் முதலில் கேள்விப்பட்டது விற்பனையாளர்களிடமிருந்து. போடலாம் என்ற முடிவுக்கு அவர்களைக் கொண்டுவந்தது பக்கத்து நிலத்துக்காரர்கள். நம் பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1960-ல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் நாட்டின் முதல் மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறையில் உருவான ஏடிடி 27 நெல் ரகம் அந்தப் பத்தாண்டிலேயே குறுவையில் பரவிய வேகத்தைப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். பக்கத்துக் களத்தில் மூட்டை எண்ணுவதைப் பார்த்துத்தான் விதை கேட்டுப் போனதாகச் சொல்வார்கள்.

திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் செய்ததையும் நினைத்துப் பாருங்கள். நெல் திருவிழாவில் 2 கிலோ பாரம்பரிய விதை வாங்கிப் போகிறவர் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பத்திரம் இல்லை, அபராதம் இல்லை. வாங்கினவர் நாலு பேர் முன்னால் வாங்கினார், நாலு பேர் முன்னால் திருப்பித் தருவார். அந்தக் கடமை உணர்வில்தான் மாப்பிள்ளைச் சம்பாவும் மற்ற ரகங்களும் பலர் வயலுக்குத் திரும்பி வந்தன. 2018-ல் அவர் மறைந்தார், அவர் கொடுத்த விதை இன்னும் கை மாறிக்கொண்டிருக்கிறது. வைக்கோல் விஷயத்தில் இப்படி ஒரு ஏற்பாட்டை நாம் இதுவரை முயன்று பார்க்கவே இல்லை.

பஞ்சாப் நமக்கு ஒரு எச்சரிக்கை. நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் நடவைத் தள்ளிப்போட்டுச் சட்டம் போட்டார்கள். நல்ல நோக்கம். ஆனால் நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இருந்த நாள் குறைந்தது, தீ கூடியது. 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் 2,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சொன்னது. 2024 நவம்பரில் அந்தத் தொகை இரட்டிப்பானது. ஊரே கொளுத்தும்போது எந்தப் பஞ்சாயத்துத் தலைவர் யாரைக் காட்டிக்கொடுப்பார்? அங்கேயே 2019-ல் நடந்த ஓர் ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. கொளுத்தாமல் இருந்தால் பிறகு பணம் தருகிறோம் என்று சொன்ன ஒப்பந்தத்தால் பெரிய பலன் இல்லை. பணத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே கையில் கொடுத்த ஊர்களில் கொளுத்துவது குறைந்தது. கையில் காசு இல்லாதது ஒரு காரணம் என்றால், பிறகு தருவார்கள் என்ற நம்பிக்கை இல்லாதது இன்னொரு காரணம். வெள்ள நிவாரணத்துக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் காத்திருந்து பழகிய எங்களுக்கு இது புரிகிறது.

கொளுத்தாமல் இருந்தால் என்ன மிச்சம் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு டன் நெல் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும் 14 முதல் 20 கிலோ சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) இருக்கிறது. ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் என்று வைத்தால் சாம்பல்சத்து மட்டும் ஏறக்குறைய ஒரு மூட்டை பொட்டாஷுக்குச் சமம். 2022 வாக்கில் அந்த மூட்டை 1,700 ரூபாய்க்கு விற்றது ஞாபகம் இருக்கும். கொளுத்தினால் தழைச்சத்து கிட்டத்தட்ட முழுவதும் காற்றில் போகிறது. சாம்பல்சத்தில் பெரும்பகுதி சாம்பலோடு வயலிலேயே தங்கும், ஆனால் வரிசை எரிந்த இடத்தில் மட்டும் குவிந்து கிடக்கும். வைக்கோலைக் கட்டி லாரியில் கேரளாவுக்கும் திண்டுக்கல் பக்கமும் அனுப்பும்போது அந்தச் சாம்பல்சத்தும் முழுதாக லாரி ஏறிவிடுகிறது. இதை யாரும் எங்களிடம் சொல்வதில்லை. எரிக்காமல் விற்றுவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்கிறோம். விற்கட்டும், மாட்டுக்குத் தீவனம் வேண்டும், எங்களுக்கும் காசு வேண்டும். மேல் வைக்கோலைக் கட்டி விற்றுவிட்டு அடித்தாளை உயரமாக விட்டு மண்ணுக்குக் கொடுக்கலாம். ஒரு வருஷம் விற்றால் அடுத்த வருஷம் மடிக்கலாம். இந்தக் கணக்கை ஊரோடு உட்கார்ந்து போட வேண்டும்.

ஊரோடு என்று சொல்லும்போது பெண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரு மாடாவது நிற்கிற வீட்டில் வைக்கோலைக் கொளுத்துவதைப் பார்ப்பது அரிது. ‘மாட்டுக்கு என்ன போடுறது’ என்று அந்த வீட்டு அம்மா ஒரு சத்தம் போட்டால் தீப்பெட்டி உள்ளே போய்விடும். பால் சொசைட்டியில் பால் ஊற்றுவது அவர், சாணம் அள்ளுவது அவர், தோட்டத்து எருக்குழி அவர் பொறுப்பு. உங்கள் கூட்டத்துக்கு மட்டும் அவர் பெயரில் அழைப்பு வருவதில்லை. கூட்டத்தை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் வைக்காதீர்கள், அந்த நேரத்தில் அவர்களால் வரவே முடியாது. பால் ஊற்றும் இடத்திலேயே பேசுங்கள்.

நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரே ஒரு கிளை வாய்க்காலை, ஒரு மதகில் பாயும் நிலம் முழுவதையும், ஒரே அலகாக எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது ஏக்கர் இருந்தாலும் போதும். அந்த ஐம்பது ஏக்கரில் யார் நிலத்துக்காரர், யார் குத்தகைக்காரர் என்று பார்க்காமல் உண்மையில் சாகுபடி செய்கிறவர்களை உட்கார வையுங்கள். கொளுத்தாமல் இருப்பதற்கு ஒரு தொகை வைத்து, அதில் பாதியை அறுவடைக்கு முன்பே கொடுங்கள். மீதியை அந்த வாய்க்காலில் ஒரு வயல்கூட எரியாவிட்டால் எல்லாருக்கும் சேர்த்துக் கொடுங்கள். அப்போது பக்கத்து வயல்காரரின் தீ என் காசையும் சேர்த்து எரிக்கும் என்பதால் நானே போய் அவரிடம் பேசுவேன். உங்களில் ஒருவர் வந்து மிரட்டுவதைவிட, மாமன் மச்சானாகப் பேசுவது நன்றாக வேலை செய்யும். ஒருவர் மீறினால் எல்லாருக்கும் நஷ்டம் என்பதில் சண்டை வருமே என்று நீங்கள் கேட்கலாம். வரும். அதனால் நிலைமை கெட்ட ஒருவருக்காக, ஆள் இல்லாத விதவைக்காக, வெளிநாடு போனவர் வயலுக்காக, அந்தக் குழுவே அள்ளிக் கொடுக்கும் ஏற்பாட்டுக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள்.

அந்தக் கூட்டத்துக்கு அறுவடை மிஷின் புரோக்கரையும் கட்டு கட்டும் மிஷின்காரரையும் அழைக்க மறக்காதீர்கள். எந்த வயல் எந்த நாள் அறுபடும், தாள் எவ்வளவு உயரத்தில் நிற்கும், வைக்கோல் பரவி விழுமா வரிசையாக விழுமா என்பதெல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது. இன்றுவரை எந்தப் பயிற்சிக்கும் அவர்களை யாரும் அழைத்து நான் பார்க்கவில்லை. வயலில் ஆட்டை அடைத்து எருவிடும் கிடை போடுகிறவர்களையும் கூப்பிடுங்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆட்டு மந்தையோடு வருகிற கீதாரிகளுக்குத் தொடர்ந்து பல வயல் வேண்டும். நடுவில் நாலு வயல் கரிந்து கிடந்தால் அந்த வெளியை விட்டு வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள். ஒரு வாய்க்கால் முழுவதும் எரியாமல் இருந்தால் கிடையும் தங்கும், ஆட்டுப் புழுக்கையும் நமக்கு மிஞ்சும்.

செயல்விளக்க வயலைச் சாலையோரம், நடுத்தர ஆளின் நிலத்தில், அவர் குத்தகைக்காரராக இருந்தாலும் பரவாயில்லை என்று தேர்ந்தெடுங்கள். விழாவை நடவு நாளில் வைக்காதீர்கள். பயிர் வெளுக்கும் அந்த இருபதாம் நாள் வாருங்கள். வயல் ஏன் இப்படி நிற்கிறது, எந்த நாள் தேறும் என்று ஊர் முன்னால் சொல்லுங்கள். நாற்பதாம் நாள் மறுபடி வாருங்கள். நீங்கள் முன்பே சொன்னபடி அது தேறினால், அதற்குப் பிறகு நீங்கள் எது சொன்னாலும் ஊர் கேட்கும்.

‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், மடக்கி உழும் பசுந்தாள் பயிரான தக்கைப்பூண்டு விதை கொடுக்கிறீர்கள். அது நல்ல காரியம், நானும் வாங்கி விதைத்தேன். தக்கைப்பூண்டை மடக்கி உழும்போது கூடவே போன பருவத்துத் தாளையும் மடக்கினால், பசுந்தாளில் உள்ள தழைச்சத்து வைக்கோல் மட்குவதற்குக் கை கொடுக்கும். இரண்டையும் தனித்தனித் திட்டமாக வைத்திருப்பதை ஒன்றாகச் சொல்லிக் கொடுங்கள்.

கடைசியாக இடம் பற்றி. எங்களை ஒன்றாகப் பார்க்க நீங்கள் மண்டபம் எடுக்க வேண்டாம். அறுவடைக் காலத்தில் நாங்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் இருப்போம்: நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில். 17 சதவீதத்துக்கு ஈரம் இறங்கட்டும் என்று நெல்லைக் காயப் போட்டு, சாக்கு வரட்டும், லாரி வரட்டும் என்று ராத்திரி பகலாகக் காவல் கிடப்போம். நிலத்துக்காரர், குத்தகைக்காரர், மிஷின்காரர், சுமை தூக்குகிறவர் எல்லாரும் அங்கே இருப்பார்கள். பேச்சுக்கு அங்கே பஞ்சமே இல்லை. வைக்கோலை என்ன செய்வது என்ற முடிவும் பெரும்பாலும் அங்கேதான் எடுக்கப்படுகிறது. ஒரு ராத்திரி ஒரு நாற்காலி போட்டு எங்களோடு உட்காருங்கள்.

தை பிறந்தால் மிஷின்கள் வந்து இறங்கிவிடும், அப்புறம் யாரையும் பிடிக்க முடியாது. வாய்க்காலைத் தேர்ந்தெடுப்பதும், முன்பணத்துக்கு உத்தரவு வாங்குவதும், புரோக்கர்களைக் கூப்பிட்டுப் பேசுவதும் கார்த்திகை, மார்கழிக்குள் நடக்க வேண்டும். எங்கள் வாய்க்காலை முதலில் எடுத்துக்கொள்வதானால், ஆட்களைத் திரட்டும் பொறுப்பை நானும் கூட இருக்கிறவர்களும் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நீடாமங்கலம் வட்டாரத்துச் சாகுபடிதாரர் ஒருவர்